வீட்டில் கட்டும் விமானத்தில் ட்ரிம்: எந்த அச்சுக்கு எந்த முறை?

சொந்தமாகக் கட்டிய விமானம் சோதனைப் பறப்பைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே குறிப்பேட்டில் மூன்று புகார்கள் சேர்ந்துவிடும். இடது இறக்கை கனமாக இருக்கிறது. சறுக்கல் காட்டும் பந்து நடுவில் நிற்காமல் அரைப் பந்து வெளியே போகிறது. செலுத்தும் தண்டான ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் மூக்கு தாழ்கிறது. மூன்றுமே ட்ரிம் குறைகள்தான். கை, கால் விசை இல்லாமலே விமானம் நேராகப் பறக்கும்படி சமன்செய்வதுதான் ட்ரிம். ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. சர்வோ என்ற சின்ன மின்மோட்டார் விற்பவரின் பட்டியலைப் பார்த்து மூன்று அச்சுக்கும் மின்சார ட்ரிம் வாங்கிப் போட்டால் எடையும் கம்பிகளும் கூடும். பழுதாகக்கூடிய இடங்களும் கூடும். பறப்பதும் அந்த அளவுக்குச் சுலபமாகிவிடாது.

பறக்கும்போது மாற்றவேண்டிய தேவை எந்த அச்சில் உண்மையாகவே இருக்கிறதோ அங்கே மட்டும் காக்பிட்டிலிருந்து இயங்கும் ட்ரிம் வையுங்கள். மற்ற அச்சுகளைத் தரையிலேயே சரிசெய்து முடித்துவிடுங்கள். காக்பிட்டிலிருந்து இயங்கும் ட்ரிம்மைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நன்றாக வேலை செய்யும்போது எவ்வளவு சுகம் என்பது இரண்டாவது கேள்வி. அது ஒரு கோடியில் போய் மாட்டிக்கொண்டால் உங்கள் கை அதைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கட்டுரையின் எல்லா ஒப்பீடும் அந்த முதல் கேள்வியை வைத்துத்தான்.

ட்ரிம்மைத் தொடுமுன் பார்க்கவேண்டியவை

கோணலாகப் பொருத்திய விமானத்தை ட்ரிம் நேராக்காது. கோணலை மறைக்கும், அவ்வளவுதான். எதையும் வாங்குமுன் அரை நாள் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

முதலில் பந்தையே சந்தேகப்படுங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் மீதோ லாஞ்சரான்களின் (உடலின் நீளவாட்டுச் சட்டங்கள்) குறுக்கேயோ ரசமட்டம் வைத்து, விமானத்தைப் பக்கவாட்டில் மட்டமாக நிறுத்துங்கள். தேவைப்பட்டால் ஒரு சக்கரத்தின் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம். அப்போது பந்து நடுவில் இல்லாவிட்டால் கோளாறு கருவிப் பலகையில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் ரடரில் (செங்குத்து வாலின் பின்னால் அசையும் பலகை) ஆப்பு ஒட்டுகிறவர்கள் நேராகப் பறந்த விமானத்தைக் கோணலாக்கிவிடுகிறார்கள். மின்னணுக் கருவியில் பந்து திரையில் வரும் படம்தான் என்றாலும், உள்ளே இருக்கும் உணரி சாய்ந்திருந்தால் அதுவும் அதே பொய்யைச் சொல்லும்.

அடுத்து, விமானத்தைச் சாய்க்க இறக்கைகளின் பின் விளிம்பில் அசையும் இரண்டு எய்லரான்களும் இறக்கை நுனியோடு ஒரே கோட்டில் நிற்கின்றனவா, தரையிறங்கும்போது தாழ்த்தும் ஃபிளாப் இரண்டும் ஒரே அளவில் மேலே ஏறி அமர்கின்றனவா என்று டிஜிட்டல் கோணமானியால் அளங்கள். ஒரு ஃபிளாப் அரை டிகிரி தாழ்ந்திருந்தாலே எதிர்ப்பக்க இறக்கை கனத்ததுபோல் தெரியும். சக்கர உறைகளும் சக்கரக் கால்களின் மேல் போடும் காற்றுத் தடுப்பு உறைகளும் பறப்புத் திசைக்கு நேராக இருக்கவேண்டும். கால் உறை கொஞ்சம் திருகி நின்றால் அதுவே ஒரு சின்ன ரடர்போல விமானத்தை ஒரு பக்கம் தள்ளும். சக்கர உறைகள் இல்லாமல் பறந்து ட்ரிம் செய்துவிட்டு, பிறகு உறைகளை மாட்டினால் வேலை எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

எரிபொருளையும் கணக்கில் எடுங்கள். இறக்கையில் தொட்டி உள்ள விமானத்தில் ஒரு பக்கம் 40 லிட்டர் அதிகம் இருந்தால் ஏறத்தாழ 29 கிலோ. தொட்டியின் நடு, விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 43 கிலோ-மீட்டர் உருட்டு விசை. பக்கத்து இருக்கை காலியாக இருப்பதும் ஓர் அளவு சேர்க்கும். தொட்டிகள் சமமாக இருக்கும்போது, காற்று அசையாத அதிகாலையில், நீங்கள் வழக்கமாகப் பறக்கும் க்ரூஸ் வேகத்தில் எடுத்த குறிப்புதான் நம்பத்தக்கது.

வரிசையும் முக்கியம். முதலில் ரடர், பிறகு எய்லரான், கடைசியில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை). பந்து வலப்புறம் நிற்கிறதென்றால் காற்று வலப்புறமிருந்து வருகிறது. இறக்கைகள் மேல்நோக்கி வளைந்த கோணத்தில் இருப்பதால் வலது இறக்கை எழும், இடது இறக்கை கனமாகத் தெரியும். ரடரைச் சரிசெய்ததும் பல விமானங்களில் ‘கனமான இறக்கை’ பாதி தானே மறைந்துவிடும். எய்லரானில் முதலில் கைவைத்தால் இரண்டு தவறுகளை எதிரெதிராக நிறுத்திவைத்ததுபோல் ஆகும். இரண்டும் சேர்ந்து இழுவையைத்தான் கூட்டும்.

ரடர்: ஆப்பு, வளைக்கும் தகடு, அல்லது பெடல் ஸ்பிரிங்

சிறிய விமானத்தின் ரடருக்குப் பெரும்பாலும் நிலையான ட்ரிம் போதும். விமானி பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர் ஏற்றத்தின்போது வலது பெடல் கேட்கும். ஆனால் ஏற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். க்ரூஸில் பந்து நடுவில் நின்றால், ஏற்றத்தில் காலால் அழுத்திக்கொள்ளலாம்.

நிலையான ட்ரிம்மில் இரண்டு வகை. ஒன்று, பின் விளிம்பில் ரிவெட் அடித்த மெல்லிய அலுமினியத் தகடு. தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம். மற்றது, ரடரின் ஒரு பக்கத்தில் பின் விளிம்போரமாக ஒட்டும் ஆப்பு. முன்பக்கம் சுழியத்தில் தொடங்கி, பின் விளிம்பில் 6 முதல் 8 மிமீ தடிமனாகும் நீளமான முக்கோணக் கட்டை அது.

உலோகத் தோல் கொண்ட விமானத்துக்கும் கண்ணாடி இழை விமானத்துக்கும் ஆப்புதான் மேல். துளை போடவேண்டாம், யாராவது தொட்டு வளைத்துவிட முடியாது, அளவைக் கூட்டிக் குறைப்பதும் எளிது. தகடு வைத்தால் கொட்டகையில் யாராவது இடித்தால் கோணம் மாறிவிடும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இறுகிய ரகமான 2024-டி3 தகட்டைத் திரும்பத் திரும்ப வளைத்தால் மடிப்பில் விரிசல் விடும். தகடுதான் வேண்டும் என்றால் 5052 போன்ற வளையும் ரகத்தில் 0.8 மிமீ போதும். துணி போர்த்திய ரடரில் மட்டும் தகடுக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம்: பின் விளிம்புக் குழாயில் கவ்வியால் பிடித்து நிறுத்தலாம். துணிமேல் மட்டும் ஒட்டிய எதையும் நம்பாதீர்கள்.

ஆப்பு வைக்கும் வேலை இப்படி. பந்து வலப்புறம் போகிறது என்றால் ரடர் வலப்புறம் திரும்பவேண்டும், ஆகவே ஆப்பு ரடரின் இடப்பக்கத்தில். திசையில் குழப்பம் வரும் இடம் இதுதான். ஆப்பு காற்றை இடப்புறம் தள்ளும், அதன் எதிர்விசை பின் விளிம்பை வலப்புறம் தள்ளும். பால்சா மரத்தில் 200 மிமீ நீளம் வெட்டி, ரடரின் உயரத்தில் நடுவாக வைத்து, நான்கு ஓரங்களையும், குறிப்பாக முன் ஓரத்தை, அகலமான ஒட்டுநாடாவால் மூடி ஒட்டுங்கள். முன் ஓரம் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கிளப்பிவிடும். பறந்து பாருங்கள். பந்து நடுவைத் தாண்டி இடப்புறம் போனால் 25 மிமீ வெட்டிவிட்டு மறுபடி பறங்கள். போதாவிட்டால் நீளத்தைக் கூட்டுங்கள், தடிமனைக் கூட்டவேண்டாம். ஒவ்வொரு முறையும் நீளத்தைப் பென்சிலால் ரடரிலேயே குறித்துவிடுவது நல்லது. சரியான நீளம் தெரிந்தபின் அதே வடிவத்தில் நிரந்தர ஆப்பு செய்து ஒட்டுங்கள்.

300 மிமீக்கு மேல் ஆப்பு தேவைப்படுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. செங்குத்து வால், எஞ்சின் தாங்கி, சக்கரக் கால் உறை என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

காக்பிட்டிலிருந்து மாற்றும் ரடர் ட்ரிம் எப்போது தேவை? எஞ்சின் பெரிது, வால் சிறிது, 15 அல்லது 20 நிமிடம் தொடர்ந்து ஏறவேண்டிய பறப்புகள் வழக்கம் என்றால் தேவை. அப்போதும் பெடலோடு இணைத்த ஸ்பிரிங்கே போதும். ரடரில் கீல் போட்டு நகரும் ட்ரிம் டேப் என்ற சிறு பலகை வைத்தால் கூடுதல் எடையும் ஃப்ளட்டர் (காற்றில் கட்டுமீறிப் படபடக்கும் அதிர்வு) கவலையும் சேர்ந்துகொள்ளும். ஒற்றை எஞ்சின் வீட்டு விமானத்தில் அந்தச் செலவை நியாயப்படுத்தும் காரணம் அரிது.

எய்லரான்: கருவி வாங்குமுன் விளிம்பைப் பாருங்கள்

கனமான இறக்கைக்கு மருந்து விமானத்தின் கட்டுமானத்தைப் பொறுத்தது. தாங்குக் கம்பி உள்ள உயர் இறக்கை விமானங்களில் பின் தாங்குக் கம்பியின் ராட் எண்டை (திருகும் முனைத் துண்டு) அரைச் சுற்று திருப்பினால் இறக்கையின் திருகல் மாறும். கனமான இறக்கையின் பின் விளிம்பு கொஞ்சம் தாழவேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்று, மறுபடி இறுக்கி, பறந்து பார்ப்பது. மரைகள் போதிய ஆழம் உள்ளே இருக்கின்றனவா என்று சோதனைத் துளையில் கம்பி விட்டுப் பார்க்காமல் பறக்கக்கூடாது. திருகல் மாறினால் ஸ்டாலில் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலை) எந்த இறக்கை முதலில் விழும் என்பதும் மாறலாம். ஆகவே மாற்றியபின் போதிய உயரத்தில் ஸ்டால் சோதனை மறுபடி வேண்டும்.

தகட்டை மடித்துச் செய்த பின் விளிம்புள்ள எய்லரான்களில் (வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை வீட்டு விமானங்கள் நல்ல உதாரணம்) எந்தப் பொருளும் சேர்க்காத ஒரு வழி உண்டு. லேசான இறக்கையின் எய்லரானில் பின் விளிம்பை மெல்ல நசுக்குவது. கேட்க விசித்திரமாக இருக்கும், காரணம் தெளிவு. மேற்பரப்பின் உறிஞ்சலால் எய்லரான் எப்போதும் மேலே மிதக்கப் பார்க்கும். உருண்ட, தடித்த பின் விளிம்பு அந்த மிதப்பைக் குறைக்கும், தட்டையான விளிம்பு கூட்டும். லேசான பக்கத்து எய்லரான் கொஞ்சம் மேலே மிதந்தால் அந்த இறக்கை தாழும், கனமான பக்கம் சமமாகும். இடது கனம் என்றால் வலது எய்லரானை நசுக்கவேண்டும்.

அகலமான தாடை கொண்ட தகடு மடிக்கும் இடுக்கியில் தாடைகளுக்கு நாடா சுற்றி, விளிம்பு முழுவதும் ஒரே சீராக, கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டும் நசுக்கிப் பறந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஆழமாக நசுக்கினால் விளிம்பு அலையாகிவிடும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. மிஞ்சிப்போனால் விளிம்பின் பின்னால் மரக்கட்டை ஒன்றை நேராகப் பிடித்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் விளிம்பு மறுபடி கொஞ்சம் உருளும். அதற்கு முன்பே, எய்லரான் கீல் தாங்கிகள் இறக்கைத் தோலுக்கு ஒத்த உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு எய்லரான் 1 மிமீ உயர்ந்து அமர்ந்திருந்தாலே இந்த வேலை எல்லாம் வீண்.

ரிவெட் அடித்த நிலையான தகடும் எய்லரானில் வேலை செய்யும். கனமான பக்கத்து எய்லரானில் தகட்டை மேல்நோக்கி வளைத்தால் அந்த எய்லரான் தாழும், இறக்கை எழும். ஆனால் தகடு கீலுக்குப் பின்னால் எடை சேர்க்கிறது. எடைச் சமநிலை செய்த எய்லரானில் அதை மறக்கக்கூடாது.

இறக்கைத் தொட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் விமானத்தில், பறக்கும்போதே சமன் மாறிக்கொண்டிருக்கும். அங்கே மட்டும் காக்பிட்டிலிருந்து மாற்றும் வழி வேண்டும். ஸ்டிக்கின் அடியிலோ பெல்கிராங்க் என்ற திசைமாற்றும் நெம்பிலோ இரு பக்கமும் ஸ்பிரிங் மாட்டி, சின்ன நெம்புகோல் ஒன்றால் ஒரு பக்கத்து இழுப்பைக் கூட்டிக் குறைப்பது தாராளமாகப் போதும். எய்லரானில் நகரும் டேப்பும் சர்வோவும் வைப்பதற்குத் தானியங்கி விமானி வைத்திருப்பவர்களுக்குக்கூட அவசியம் குறைவு.

எலிவேட்டர்: இங்கேதான் உண்மையான தேர்வு

வேகம், ஃபிளாப், எடை மையம், எரிபொருள் என்று நான்கும் மாறும்போது எலிவேட்டருக்கு வேண்டிய விசை மாறிக்கொண்டே இருக்கும். இங்கே காக்பிட்டிலிருந்து இயங்கும் ட்ரிம் இல்லாமல் முடியாது. நடைமுறையில் மூன்று தேர்வுகள்: கேபிளால் இயங்கும் டேப், மின்சார சர்வோவால் இயங்கும் டேப், ஸ்டிக்கை இழுக்கும் ஸ்பிரிங். இவை தவிர நகரும் நிலைவால் (எலிவேட்டரைத் தாங்கும் கிடைமட்டப் பகுதி) உண்டு, பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் இருப்பதுபோல் திருகு கொண்டு நிலைவாலின் முன் விளிம்பை ஏற்றி இறக்குவது. வரைபடத்திலேயே அது இருந்தால் அப்படியே கட்டுங்கள். இல்லாத விமானத்தில் புகுத்தப் பார்க்காதீர்கள், நிலைவாலின் பிடிப்பையே மாற்றும் வேலை அது. தார்ப் டி-18 போல முழு வாலும் நகரும் விமானத்தில் பின்னால் இருக்கும், வால் போகும் பக்கமே தானும் போகும் எதிர்-சர்வோ டேப் ட்ரிம்முக்கு மட்டும் வைத்ததில்லை, ஸ்டிக்குக்கு விசையே அதனால்தான் வருகிறது. அதை மாற்றியமைக்கும் உரிமை வடிவமைத்தவருக்கு மட்டும்தான்.

டேப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று. டேப்பின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80 நாட்டில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்ததைவிட 120 நாட்டில் அது 2.25 மடங்கு. ஸ்பிரிங்கின் விசை எந்த வேகத்திலும் ஒன்றுதான். இதிலிருந்தே இரண்டின் குணமும் வருகிறது.

டேப் வைத்த விமானம் ட்ரிம் செய்த வேகத்தை நன்றாகப் பிடித்து நிற்கும். ஆனால் வேகமாகப் பறக்கும்போது டேப் ஒரு கோடியில் மாட்டினால் விசை பெரிதாக இருக்கும். ஸ்பிரிங் எவ்வளவு மோசமாக மாட்டினாலும் அதன் முழு இழுப்புக்கு மேல் போகாது, கையால் பிடித்துக்கொண்டே இறங்கிவிடலாம். ஆனால் வேக நிலைத்தன்மையில் ஸ்பிரிங் தலையிடும். ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும்படி வைத்த ஸ்பிரிங், வேகம் குறையக் குறையக் காற்றின் எதிர்விசையை மிஞ்சி மேலும் பின்னால் இழுக்கப் பார்க்கும். எடை மையம் பின்னால் இருக்கும்போது ஏற்கெனவே நிலைத்தன்மை குறைவான விமானத்தில் இது தொந்தரவாகும். ஸ்டிக்கை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் இதற்கு நேர்மாறு, நிலைத்தன்மைக்கு உதவும். சிறு இறக்கை மூக்கருகே இருக்கும் கனார்டு வகையைச் சேர்ந்த லாங்-ஈஸி, பிட்ச் (மூக்கின் ஏற்ற இறக்க) ட்ரிம்முக்கு ஸ்பிரிங்கைத்தான் பயன்படுத்துகிறது.

ஸ்பிரிங்கின் பெரிய வரம், வாலில் எதுவும் சேராது. டேப் இல்லை, கீல் இல்லை, டேப் ஃப்ளட்டர் என்ற பேச்சே இல்லை. அமைக்கும்போது கவனிக்கவேண்டியது முன்னிழுப்பு. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்தால், நெம்புகோல் ஒரு கோடியில் இருக்கும்போதும் எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங் தொய்யக்கூடாது. தொய்ந்தால் கொக்கி கழன்று வேறெதிலாவது மாட்டும். கொக்கிகளைத் திறந்த வாயோடு விடாமல் பாதுகாப்புக் கம்பியால் கட்டிவிடுங்கள். ஒரு ஸ்பிரிங் அறுந்தால் மற்றது முழு பலத்தோடு இழுக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்த இழுப்பு ஸ்டிக் பிடியில் 3 கிலோவுக்கு மேல் போகாதபடி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

கேபிளா, சர்வோவா?

டேப் என்று முடிவானால் அடுத்த கேள்வி இது. இரண்டுக்கும் டேப்பும் கீலும் ஒன்றுதான், தள்ளுகிற வழிதான் வேறு.

தள்ளி இழுக்கும் உறைக் கேபிளுக்கு மின்சாரம் வேண்டாம். அது தானாக ஓடாது. எஞ்சினும் மின்சுற்றும் போனாலும் வேலை செய்யும். கையில் விசை தெரிவதால் எவ்வளவு மாற்றினோம் என்பதும் தெரியும். தொல்லை உராய்வில்தான். வளைவு ஆரம் 200 மிமீக்குக் குறைந்தால் கேபிள் கனத்துவிடும், பிறகு திருகும்போது முதலில் எதுவும் நடக்காமல் திடீரென்று ஒரு துள்ளலாக நகரும். இரு முனைகளிலும் உறையை முனையிலிருந்து 100 மிமீக்குள் கவ்விப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் டேப்புக்குப் பதில் உறைதான் வளைந்து நகரும், ட்ரிம் பாதி தூரம் காணாமல் போகும். வாலில் உறையின் வாய் மேல்நோக்கி இருந்தால் மழைநீர் இறங்கித் தேங்கி, உயரத்தில் உறைந்து பூட்டிக்கொள்ளும். உராய்வு மிகக் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான். டேப்பின் மேல் வரும் காற்று, அதிர்வின் துணையோடு கேபிளைப் பின்னால் தள்ளும். ட்ரிம் மெல்ல நழுவும். திருகு வகைக் கைப்பிடியோ உராய்வுப் பூட்டோ உள்ள கைப்பிடி வேண்டும் என்பது இதனால்தான்.

சர்வோ சின்னது, வாலிலேயே அமர்ந்துவிடும், நீளமான உறை வேண்டாம். உள்ளே திருகு அமைப்பு இருப்பதால் காற்று அதைப் பின்னால் தள்ள முடியாது. ஸ்டிக்கில் பொத்தானாக வைக்கலாம். வீட்டு விமானங்களில் பரவலாக இருக்கும் ரே ஆலன் சர்வோவில் ஐந்து கம்பிகள் வரும்: இரண்டு வெள்ளை மோட்டாருக்கு, மற்ற மூன்றும் இடங்காட்டிக்கு. திசை தலைகீழாக இருந்தால் அந்த இரண்டு வெள்ளைக் கம்பிகளை மாற்றிப் போட்டால் போதும். பொத்தானை முன்னால் தள்ளினால் மூக்கு தாழவேண்டும், அதாவது டேப் மேலே போகவேண்டும். டேப் மேலே போனால் மூக்கும் மேலே போகும் என்று நினைத்துச் சரிபார்ப்பவர்களால்தான் தலைகீழ் ட்ரிம் வானத்துக்குப் போகிறது. டேப் கீழே, எலிவேட்டர் மேலே, மூக்கு மேலே.

சர்வோவின் வேகத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அப்ரோச்சில், அதாவது தரையிறங்க நெருங்கும் வேகத்தில், இதமாக இருக்கும் அதே ஓட்டம் 150 நாட்டில் ஒரு தட்டலுக்கே மூக்கைத் துள்ள வைக்கும். வேகமான விமானம் என்றால் வேகக் கட்டுப்படுத்தி ஒன்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அது இல்லாத சர்வோவைவிடக் கேபிள் மேல்.

சர்வோவின் தனிப்பட்ட ஆபத்து தானாக ஓடுவது. காரணங்கள் பெரும்பாலும் மூன்று: ரிலே என்ற மின்ஸ்விட்ச்சின் தொடுமுனை ஒட்டிக்கொள்வது, பொத்தான் அழுந்தியபடியே சிக்குவது, ஸ்டிக்குக்குள் போகும் கம்பியின் உறை தேய்வது. மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். இரண்டு ஸ்டிக்கிலும் பொத்தான் வைப்பவர்கள் ரிலே பலகை போடுவார்கள். பல ரிலே பலகைகளில் பொத்தான் செய்வது கம்பியை விமானத்தின் உலோக உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைப்பது மட்டும்தான். ஸ்டிக் குழாயின் அடியில், ஸ்டிக் முன்னும் பின்னும் அசையும் இடத்தில் குழாயின் வெட்டிய ஓரம் கம்பி உறையை நாளடைவில் அறுத்துவிட்டால், கம்பி குழாயைத் தொட்டதுமே ரிலேக்குப் பொத்தானை அழுத்தியதுபோல் தெரியும். ட்ரிம் ஓடத் தொடங்கிவிடும். ஃபியூஸ் போகாது, ஏனென்றால் மின்னோட்டம் வழக்கமான அளவுதான். ஆகவே குழாயின் வாயில் ரப்பர் வளையம், கம்பிகளுக்குத் தனி உறை, அசைவுக்குத் தொய்வு, இவை மூன்றும் கட்டாயம். ட்ரிம் மின்சுற்றைத் துண்டிக்கும் தனி ஸ்விட்ச் ஒன்றும் கட்டாயம், அது கையை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். கருவிப் பலகையின் கீழே முழங்காலுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஃபியூஸ்களில் ஒன்றைத் தேடுவதற்கு அப்போது நேரம் இருக்காது.

ஓடினால் தாங்குமா என்பதைக் கணக்கிடலாம். பாதுகாப்பான உயரத்தில், ஸ்டால் வேகத்தின் 1.4 மடங்கில் ட்ரிம் செய்து பறந்துகொண்டே, ஸ்டிக்கைக் கையால் பிடித்தபடி ட்ரிம்மைச் சிறிது சிறிதாக ஒரு கோடிவரை ஓட்டுங்கள். பிடிக்கவேண்டிய விசையைச் சுருள் தராசால் அளங்கள். மறு கோடிக்கும் அப்படியே. 70 நாட்டில் 4 கிலோ வந்தால் அதே டேப் கோணத்தில் 140 நாட்டில் ஏறக்குறைய 16 கிலோ. சான்றளிக்கப்பட்ட சிறிய விமானங்களுக்கான பழைய அமெரிக்க விதி 23.143, ஸ்டிக்கில் பிட்ச் விசை சற்று நேரத்துக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வரையும், தொடர்ந்து பிடிக்க 10 பவுண்டு, அதாவது 4.5 கிலோ வரையும் அனுமதித்தது. வீட்டு விமானத்துக்கு அது கட்டாயம் இல்லை என்றாலும் நல்ல அளவுகோல். 16 கிலோவைச் சற்று நேரம் பிடிக்கலாம், 70 நாட்டுக்குக் குறைத்தால் 4 கிலோவுக்கு வந்துவிடும். ஆகவே தாங்கும். கணக்கு 27ஐத் தாண்டினால் டேப்பின் ஓட்டத்தைக் குறைக்கவேண்டும். அதற்கும் எல்லை உண்டு. எடை மையம் முன்னால் இருக்க, ஃபிளாப் முழுதும் இறங்கி, அப்ரோச்சில் ட்ரிம் ஆகவேண்டும். எடை மையம் பின்னால் இருக்க, முழு க்ரூஸ் வேகத்திலும் ட்ரிம் ஆகவேண்டும். இந்த இரண்டுக்கும் போதுமான ஓட்டம் இருந்தால் அதற்கு மேல் ஒரு டிகிரிகூட வேண்டாம். மிச்சம் வைக்கும் ஓட்டம் பழுதாகும் நாளில்தான் பயன்படும், அதுவும் உங்களுக்கு எதிராக.

டேப்பின் ஆட்டமும் எடையும்

கேபிளோ சர்வோவோ, டேப் வைத்தால் தளர்வாட்டத்தை அளந்தே ஆகவேண்டும். சிறிய விமானங்களுக்கான ஃப்ளட்டர் தடுப்பு அளவுகோல்களாக அமெரிக்க சிவில் ஏரோநாட்டிக்ஸ் நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை எண் 45 இன்றும் வீட்டு விமானக்காரர்களின் கைநூல். டேப்பின் நீளம் எலிவேட்டர் நீளத்தில் 35 சதவீதத்துக்குள் இருந்தால், பின் விளிம்பில் மொத்த ஆட்டம் டேப் அகலத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதைவிட நீளமான டேப்புக்கு 1 சதவீதம். கீலிலிருந்து பின் விளிம்புவரை 90 மிமீ உள்ள டேப்புக்கு முறையே 1.8 மிமீ, 0.9 மிமீ. எலிவேட்டரைக் கவ்வியால் பூட்டிவிட்டு, டேப்பின் பின் விளிம்பை விரலால் மெல்ல மேலும் கீழும் அசைத்து அளங்கள். ஆட்டம் வருவது பெரும்பாலும் தள்ளுகோலை டேப்பின் கொம்போடு இணைக்கும் க்ளெவிஸ் ஊசிக்காகப் போட்ட துளையிலிருந்து. கைத்துளைப்பானால் போட்ட துளை நீள்வட்டமாகிவிட்டால் புதிய கொம்பு செய்துவிடுவதே வழி. பியானோ கீலின் கம்பி இரு முனையிலும் நகராதபடி பூட்டியிருக்கவேண்டும். க்ளெவிஸ் ஊசிக்குக் காட்டர் பின், தள்ளுகோலுக்கு லாக் நட். தள்ளுகோல் கழன்ற டேப் சில நொடிகளில் எலிவேட்டரையே ஃப்ளட்டருக்குள் இழுத்துவிடும்.

எடைக் கணக்கு இது. டேப், கீல், கொம்பு எல்லாம் சேர்ந்து 90 கிராம், எலிவேட்டர் கீலுக்கு 180 மிமீ பின்னால் என்றால் 16,200 கிராம்-மிமீ. சமநிலை எடை கீலுக்கு 150 மிமீ முன்னால் இருந்தால் 108 கிராம் ஈயம் சேர்க்கவேண்டும். சர்வோவையும் எலிவேட்டருக்குள் வைத்தால் அதற்கும் இதே கணக்கு. சர்வோவை நிலைவாலில் வைத்தால் அந்தக் கணக்கு இல்லை, ஆனால் தள்ளுகோல் எலிவேட்டர் கீலைக் கடந்து போகும். தள்ளுகோலின் முன் முனை கீல் கோட்டில் சரியாக அமையாவிட்டால் எலிவேட்டர் அசையும்போதெல்லாம் டேப்பும் தானாக அசையும். எலிவேட்டர் போகும் பக்கமே டேப்பும் போனால் ஸ்டிக் கனக்கும், எதிர்ப்பக்கம் போனால் லேசாகிவிடும். இரண்டாவது ஆபத்து, ஸ்டிக் விசையே தெரியாமல் இறக்கைகளுக்கு அளவுமீறிய பாரம் கொடுத்துவிடலாம்.

எதை எடுப்பது?

90 நாட்டுக்குள் பறக்கும் லேசான விமானம், இரு இருக்கையும் எடை மையத்துக்குப் பக்கத்தில் என்றால் எலிவேட்டருக்கு ஸ்பிரிங், ரடருக்கு ஆப்பு அல்லது தகடு, எய்லரானுக்கு எதுவும் வேண்டாம். 100 முதல் 130 நாட் வரை பறக்கும் விமானத்துக்குக் கேபிள் டேப்தான் எங்கள் பரிந்துரை. எளிது, விலை குறைவு, தானாக ஓடாது. முன்னும் பின்னுமாக இருக்கை உள்ள விமானத்தில் கேபிளை இரு கைப்பிடிகளுக்குக் கொண்டுபோவது சிரமம், அங்கே சர்வோவுக்கு நியாயம் உண்டு. 150 நாட்டைத் தாண்டும் விமானத்தில், பிட்ச்சைத் தானியங்கி விமானி பிடிக்கப்போகிறது என்றால் சர்வோவும் வேகக் கட்டுப்படுத்தியும் துண்டிக்கும் ஸ்விட்ச்சும் ஒரே தொகுப்பாக எடுங்கள். மூன்றில் ஒன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதானால் கேபிளுக்கே போய்விடுங்கள். எடை மையம் அதிகம் மாறும் நான்கு இருக்கை விமானத்துக்கு ஸ்பிரிங் வேண்டாம்.

வண்ணம் பூசுமுன் எல்லா ட்ரிம் வேலையையும் முடிப்பது நல்லது. நிரந்தர ஆப்பை வண்ணத்துக்கு முன்பே ஒட்டினால் ஓரங்கள் மூடிக்கொள்ளும். ஆனால் எலிவேட்டரின் எடைச் சமநிலையை வண்ணம் பூசிய பிறகு மறுபடி பார்த்தே ஆகவேண்டும். வண்ணத்தின் எடை பெரும்பகுதி கீலுக்குப் பின்னால்தான் சேரும். இரண்டாவது வண்ணப் பூச்சில், பழையதைச் சுரண்டாமல் மேலே அடித்தால், அந்த எடை முன்பு போட்ட 108 கிராம் ஈயத்தை எளிதாகத் தின்றுவிடும்.